மாலை கழற்றிய மறுநாள்

குடியை நிறுத்துவது கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நான் ஏழு தடவை நிறுத்தியிருக்கிறேன். ஏழும் கார்த்திகை ஒன்றாம் தேதி. விடிகாலையில் குளித்து, குருசாமி கையால் துளசிமணி மாலையைப் போட்டுக்கொண்டால் அன்றோடு சரி. கறுப்பு வேட்டி, காலில் செருப்பு கிடையாது, இரண்டு வேளைக் குளியல். டாஸ்மாக் இருக்கிற தெருப்பக்கமே போகமாட்டேன். "இந்த நாப்பத்தெட்டு நாளும் எம்புள்ள எனக்குத் திரும்பக் கெடச்ச மாதிரி இருக்கு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவாள். மலைக்குப் போய்த் திரும்பும்போது வேன் குமுளியிலிருந்து இறங்கிக் கம்பத்துக்கு வரும். "அண்ணே, இங்கிட்டு ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்க" என்று யாராவது டிரைவரிடம் சொல்வார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவேன். அம்மா கையால் கழற்ற வேண்டிய மாலை அது.

நிறுத்தத் தெரியும். நிறுத்திய மறுநாள் பொழுதை என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

நான் தையல்காரன். அப்பா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே மெஷின் போட்டிருந்தவர். எனக்கு வைகைக்கு வடகரையில் சின்னதாக ஒரு கடை. ஜாக்கெட், சுடிதார் மட்டும். தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் காலையில் எழுந்தால் கை ஆட ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க முடியாது. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டு ஊசிக்காதுக்குக் கொண்டுபோனால், நூல் ஒரு பக்கம் ஆடும், கண் ஒரு பக்கம் ஆடும். கடையில் வேலை பழகிய பையன் ஒருநாள் நான் வருவதற்கு முன்பே மூன்று மெஷினிலும் நூல் கோத்து, பாபினையும் நிரப்பி வைத்திருந்தான். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டதில்லை அவன். எனக்கும் தெரியாத மாதிரியே உட்கார்ந்துகொள்வேன்.

டாஸ்மாக் கடை 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் கிடைக்கிற இடம், குடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த மாதிரி எனக்கும் தெரியும். கூடுதல் காசு கொடுத்து ஒரு கட்டிங் உள்ளே போனால் கை நின்றுவிடும். அதனால் அதை மருந்து என்றே நினைத்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் துணி, ஆரி வேலை முடிந்து வந்தது, முன்கழுத்தை அளவு ஜாக்கெட்டோடு வைத்துப் பார்க்காமல் இரண்டு அங்குலம் இறக்கி வெட்டிவிட்டேன். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது. அந்தப் பெண் அழுதது இப்போதும் காதில் கேட்கிறது. அன்றைக்கும் குடித்தேன். அதை மறக்கத்தான் குடித்தேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் சும்மா இருக்கவில்லை. பாண்டி கோயிலில் கொண்டுபோய்க் கயிறு கட்டினார்கள். பதினொரு நாள் தாங்கியது. பிறகு என் மனைவி, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்" நோட்டீசைப் பார்த்து ஒரு பொடி வாங்கி ரசத்தில் கலந்துவிட்டாள். அன்று குடித்துவிட்டு வந்து சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் ரத்தமாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. செத்தேன் என்றே நினைத்தேன். பாவம், அவள் என்னைவிடப் பயந்துபோனாள். அது என்ன பொடி என்று கடைசிவரை தெரியவில்லை. பின்னாளில் டாக்டரிடம் சொன்னபோது, டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இப்படித்தான் செய்யும் என்றார். குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தெரியாமல் கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சுவர் நோட்டீசைப் பார்த்து எதையாவது வாங்கலாம் என்று யோசிக்கிற அக்கா தங்கச்சிகள் தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது ஓர் 'இல்லம்'. ஊர் பெயர் வேண்டாம். ராத்திரி நாலு பேர் வந்து என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பது நாள் பூட்டிய அறை. எதிர்த்துப் பேசினால் அடி. டாக்டர் என்று ஒருவரை நான் பார்க்கவே இல்லை. மச்சான் கடன் வாங்கிக் கட்டிய பணம். வெளியே வந்த அன்று சாயங்காலமே குடித்தேன். அந்த முப்பது நாளும் அதை நினைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது யாராவது இப்படி ஓர் இடத்தைச் சொல்லி என்னிடம் விசாரித்தால் முதலில் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். மனநலச் சட்டப்படி அரசாங்கத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டு ஆட்கள் நினைத்த நேரம் வந்து பார்க்க விடுவார்களா. மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும்.

2019 கார்த்திகை. எட்டாவது மாலை. நவம்பர் 16, சனிக்கிழமை ராத்திரி கடைசிக் குவார்ட்டர். ஞாயிறு விடிகாலை மாலை. முந்தைய வருஷங்களில் இரண்டு நாள் கொஞ்சம் உதறலாக இருக்கும், சரியாகிவிடும். இந்தத் தடவை ஞாயிறு முழுக்கக் கை மட்டுமில்லை, நாக்கே ஆடியது. திங்கள் விடிகாலை பூஜையில் எல்லாரும் சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கீழே விழுந்து கைகாலை உதைத்துக்கொண்டேனாம். "சாமி எறங்கிருச்சு!" என்று ஒரு குரல். சரணம் இன்னும் உரக்கப் போனது. ஒருவர் நெற்றியில் திருநீறு பூசினார், ஒருவர் பூத்தட்டைக் கொண்டுவந்து குறி கேட்க நின்றார். வாயில் நுரையும் ரத்தமும் வந்த பிறகுதான் குருசாமிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதற்கப்புறம் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள்.

(வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.)

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் எனக்குப் புத்தி பேதலித்துப் போயிருக்கிறது. படுக்கை விரிப்பு முழுக்கக் கட்டெறும்பு ஊர்ந்தது. விரல் நுனியிலிருந்து நூல் நூலாக வந்துகொண்டே இருந்தது. அதை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டேன். ராத்திரி முழுக்க வெறுங்கையால் காற்றில் காஜா எடுத்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா சொல்லித்தான் சில விஷயங்கள் தெரிந்தன. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இந்த மாதிரிப் பிதற்றல் வரலாம். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவான். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்குமான மாத்திரையைக் கூடுதலாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். குளுக்கோஸ் போடுவதற்கு முன்னால் ஒரு ஊசி போட்டார்கள், பி1 வைட்டமின். எனக்கு ஆச்சரியம். எங்கள் தெரு கம்பவுண்டர் இத்தனை வருஷமும் "ஒரு பாட்டில் ஏத்துனா தெளிஞ்சிரும்ணே" என்று வெறும் குளுக்கோஸைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். குடிப்பவன் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம் என்றார் டாக்டரம்மா. விரதம் இருந்தே விட்டுவிடலாம், மனசு இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம். காலையில் கை நடுங்கும் அளவுக்குப் போய்விட்டால் நிறுத்துகிற வேலையை ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று அவர் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து எழுதினார், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பின் சுருக்கப் பெயர். ஏ.ஏ. "உங்க உடம்புல இருந்து எடுத்தாச்சு. எங்களால இம்புட்டுத்தான் முடியும். இனிமே குடிக்காம இருக்கறதுக்கு, குடிச்சு நிறுத்துனவங்க கூட இருங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. குடிகாரனை விட்டு விலகு என்று ஊரே சொல்கிறது. இந்தம்மா குடிகாரனிடமே போகச் சொல்கிறதே.

ஆஸ்பத்திரி கவுன்சிலர் ஒரு போன் நம்பர் கொடுத்தார். பேசினேன். எடுத்தவர், "சொல்லுங்கண்ணே, நானும் குடிகாரன்தான்" என்றார். எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? போனை வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து, பக்கத்து வார்டில் இருந்த ஒருவர் கொடுத்த பழைய துண்டுச் சீட்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. அரைமணி நேரம் கொசுக்கடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். திரும்புகிற வழியில் டாஸ்மாக். எதிர் வரிசையில் வேகமாக நடந்து தாண்டினேன், எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. அந்தக் கூட்டம் எப்போதோ வேறு இடத்துக்கு மாறிவிட்டதாம். மதுரையில் எந்தக் கிழமை எந்த இடம் என்று நான் இங்கே பட்டியல் போடாததற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூட அறை, சர்ச் ஹால் என்று இரவல் இடங்களில் நடப்பது. பரீட்சை வந்தால் மாறும், திருவிழா வந்தால் மாறும். போன் பண்ணிக் கேட்டு, அன்றைக்கு உண்டு என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். "பஸ் ஸ்டாப்புல யாராச்சும் வந்து நிப்பீங்களா?" என்றும் கேளுங்கள். வெட்கமே வேண்டாம், நிற்பார்கள்.

மறுபடி அதே நம்பருக்குப் பேசினபோது, "போன தடவை வச்சிட்டீங்களேண்ணே" என்றார் அதே ஆள். ஒரு டீக்கடை அடையாளம் சொல்லி, அங்கே நிற்பேன் என்றார். போனேன். ஐம்பது வயசு இருக்கும், விரல் நகமெல்லாம் வார்னிஷ் கறை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நான் இன்றுவரை அவரை மோட்டார் அண்ணன் என்றுதான் சொல்கிறேன். அங்கே பேர் வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. அதனால் இந்தக் கட்டுரையிலும் யார் பெயரும் இல்லை, என் பெயர் உட்பட.

சர்ச்சுக்குப் பின்னால் ஆரம்பப் பள்ளி வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடித்தது. கரும்பலகையில் வருகை 38 என்று எழுதியிருந்தது. நாங்கள் பதினாலு பேர். லோடுமேன், வக்கீல் மாதிரி ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், இருபத்துமூன்று வயசுப் பையன். மூலையில் ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கிளாஸ் நிறைய, எனக்கு மட்டும் அரை கிளாஸ். கஞ்சப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டே கையில் வாங்கினேன். கை ஆடியது. அரை கிளாஸ் என்பதால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வாயருகே கொண்டுபோனபோதுதான் விஷயம் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஊற்றியவர் வேறு பக்கம் திரும்பி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

என்ன நடக்கும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் சிலவற்றைப் படிக்கிறார். பிறகு ஒவ்வொருவராக, "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்கிறார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. பேச விருப்பமில்லை என்றால் சும்மா இருக்கலாம். நான் நாலு கூட்டம் சும்மா இருந்தேன். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருப்பதைப் போடலாம், முதல்முறை வந்தவர் போட வேண்டாம் என்பார்கள். வெளியார் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. சேர என்ன தகுதி என்று கேட்டேன். குடியை விட வேண்டும் என்ற ஆசை, அது ஒன்றுதான். "விட்டிருக்கணும்னுகூட இல்லைண்ணே, ஆசை இருந்தா போதும்."

அன்று மோட்டார் அண்ணன் ஒரு கதை சொன்னார். 1935, அமெரிக்காவில் ஆக்ரன் என்று ஓர் ஊர். குடியை நிறுத்தித் தவித்துக்கொண்டிருந்த பங்குச் சந்தை ஆள் ஒருவர், பில் வில்சன், வேலையாக அந்த ஊருக்குப் போன இடத்தில் காரியம் கெட்டுப்போகிறது. ஓட்டலில் பார் கண்ணுக்கு எதிரே. அவர் அங்கே போகாமல், தன்னை மாதிரி ஒரு குடிகாரனிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று தேடுகிறார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை டாக்டர். அந்த டாக்டருக்கும் காலையில் கை நடுங்கும். ஜூன் 10-ம் தேதி ஓர் ஆபரேஷன். கத்தி பிடிக்கக் கை நிற்க வேண்டுமே என்று வில்சனே ஒரு பீர் கொடுத்து அனுப்புகிறார். அதுதான் அந்த டாக்டர் குடித்த கடைசிப் பீர். அந்த நாளைத்தான் ஏ.ஏ. பிறந்த நாள் என்று வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு நேரம் கடனே என்று உட்கார்ந்திருந்த எனக்கு, கை நிற்பதற்காகக் குடித்த டாக்டர் என்றதும் உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவனுக்கும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையா!

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. "சர்ச்சுக்குப் போறான், மதம் மாத்திருவாய்ங்க." ஒருநாள் திறந்த கூட்டம் வந்தது, திறந்த கூட்டம் என்றால் வீட்டார் யாரும் வரலாம், மற்றது குடிப்பவர்களுக்கு மட்டும். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கடவுள் என்ற பேச்சு உண்டு, ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். முருகனைச் சொன்னார் ஒருவர், அல்லாவைச் சொன்னார் ஒருவர், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் "எனக்கு இந்தப் பெஞ்சுதான் சாமி" என்றார். அம்மா திரும்பும்போது பஸ்ஸில், "அந்தக் கறுப்புச் சட்டை நல்ல பையன்" என்றாள்.

என் மனைவிக்கு அல்-அனான் என்று குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம் இருப்பதை அங்கேதான் சொன்னார்கள். அவள் அங்கே போய் வந்த பிறகு செய்த முதல் காரியம் எனக்கு அடி மாதிரி இருந்தது. அதுவரை வாடிக்கையாளர் வந்தால் "அவருக்குக் காய்ச்சல்" என்று சமாளித்தவள், "இனிமே உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். இவர் குடிக்க நான் காரணமில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் திருந்தியதில் அந்தக் கூட்டத்துக்குப் பாதிப் பங்கு உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர், "மாத்திரை எல்லாம் எதுக்குண்ணே, மனசுதான்" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். கேட்காதீர்கள். எனக்கு ஏக்கத்தைக் குறைக்க ஒரு மாத்திரை பல மாதம் ஓடியது; அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர். டீ ஊற்றுகிறவரும் இல்லை, மோட்டார் அண்ணனும் இல்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நான் போன இரண்டாவது இடத்தில் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசினார், தூக்கம் வந்துவிட்டது. மூன்றாவது இடம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அங்கேதான் ஒட்டிக்கொண்டேன். கிட்டே இருப்பது முக்கியம்; மழை பெய்தால் போகாமல் இருக்கக் காரணம் கிடைத்துவிடும்.

இப்போது என் சறுக்கல். 2020 மார்ச்சில் ஊரடங்கு. கூட்டங்கள் நின்றன. சிலர் ஜூமில் ஆரம்பித்தார்கள், எனக்கு அது பிடிபடவில்லை. டாஸ்மாக்கும் மூடிக்கிடந்ததால் தைரியமாக இருந்தேன். கல்யாணமே இல்லாத கோடை, ஜாக்கெட் தைக்க ஆளில்லை. ஆனால் முகக்கவசம் தைத்துக் கையில் காசு புரண்டது. மோட்டார் அண்ணன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணுவார். "நல்லாருக்கேண்ணே" என்று சுருக்கமாக வைத்துவிடுவேன். மே 7-ம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். முகக்கவசம் வாங்கிய கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்கத்தான் போனேன். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு வரைந்த வட்டங்களுக்குள் அவ்வளவு நீள வரிசை. கடைசி வட்டம் காலியாக இருந்தது. அதில் போய் நின்றேன். யாரும் என்னை இழுக்கவில்லை, கூப்பிடவில்லை. நான் தைத்த முகக்கவசத்தையே மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன்.

அன்றும் மறுநாளும் குடித்தேன். எட்டாம் தேதி ஹைகோர்ட் கடைகளை மூடச் சொல்லிவிட்டது. ஒன்பதாம் தேதி காலையில் கை ஆடியது. குடித்ததைவிட, ஐந்தரை மாசக் கணக்கு போச்சே, எந்த முகத்தோடு அவர்களிடம் போவது என்பதுதான் நெஞ்சை அடைத்தது. இந்த வெட்கம் இருக்கிறதே, அதுதான் ஆளை மறுபடி பாட்டிலுக்குக் கொண்டுபோகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. போன் பண்ணினேன். "குடிச்சிட்டேண்ணே." அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். முதல்முறையாக நீ போட்டுப் பேசினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கை எவ்வளவு ஆடுகிறது, வலிப்பு வந்த ஆளாச்சே, டாக்டரிடம் பேசினாயா என்றுதான் கேட்டார். அன்றே டாக்டரிடம் பேசி மாத்திரை ஆரம்பித்தேன். 16-ம் தேதி கடைகள் மறுபடி திறந்தபோது காலை பத்து மணியிலிருந்து அவர் போனில்தான் இருந்தேன். அவர் காயில் சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும், என் மெஷின் சத்தம் அவருக்கு. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வைக்கவில்லை.

அதிலிருந்து இன்றுவரை குடிக்கவில்லை. இந்த வரியைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இன்னும் பயம். இன்றைக்குக் குடிக்கவில்லை என்று சொல்லித்தான் பழக்கம்.

நம்பிக்கை திரும்ப நாளாயிற்று. இரண்டு வருஷம் வரை மனைவி வாசலில் நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். எரிச்சலாக வரும். மோட்டார் அண்ணனிடம் புலம்பினேன். "ஊதேன்யா. உங்கிட்ட எவ்வளவு காத்து குறைஞ்சிரப் போகுது?" என்றார். ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் நம்மால் பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியல் போட்டுச் சரிசெய்வது. அந்த ஜாக்கெட் துணிக்கான பணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். அவள் அம்மாதான் கதவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டுப் பணத்தை நீட்டினேன். வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினார். காபி கொடுத்துத் தட்டிக்கொடுப்பார் என்று மனசுக்குள் ஒரு காட்சி ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது ஏதோ குறைந்தமாதிரி இருந்தது.

இதைப் படிக்கிறவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றால்: போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண் 14446. மனசு சம்பந்தமாக எந்த நேரமும் தமிழில் பேச டெலி மானஸ், 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. இல்லையென்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு நேராகப் போய், "ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அங்கே யாருக்கும் புதிதில்லை.

மாலை போடுவதை இரண்டு வருஷம் விட்டிருந்தேன். 2022 கார்த்திகையில் மறுபடி போடட்டுமா என்று கேட்டதற்கு மோட்டார் அண்ணன், "போடு. ஆனா நாப்பத்தெட்டுன்னு எண்ணாத" என்றார். போட்டேன். விரதத்திலும் கறுப்பு வேட்டியோடு வாராவாரம் கூட்டத்துக்குப் போனேன். ஜனவரியில் மலையிலிருந்து திரும்பினோம். வேன் கம்பத்துக்கு வந்தது. பின் சீட்டில் ஒரு சின்னப் பையன், "அண்ணே, அஞ்சு நிமிசம்" என்றான். வேன் நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். குருசாமி கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, இரண்டரை வருஷத்துக்கு அப்புறமும். கழுத்து மாலையைக் கையால் பிடித்துக்கொண்டேன், போனை எடுத்தேன்.

"எங்கய்யா இருக்க?"

"கம்பம்."

"வேன் நிக்குதா?"

"நிக்குது."

"சரி, கேளு. ஒரு அஞ்சு எச்பி மோட்டார் வந்திருக்கு, அலங்காநல்லூர்ப் பக்கம், கெணத்து மோட்டார். எவனோ காயில் சுத்தியிருக்கான் பாரு, ஒரு ஸ்லாட்டுல சுத்து எண்ணாமலே விட்டிருக்கான்..."

இருபது நிமிஷம் அந்த மோட்டாரைப் பற்றியே பேசினார். இறங்கினவர்கள் ஏறினார்கள், வாடை அடித்தது, வேன் கிளம்பியது. அவர் கிணற்றில் எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உசிலம்பட்டி தாண்டின பிறகுதான் போனை வைத்தோம். வீட்டு வாசலில் அம்மா தேங்காயோடு நின்றுகொண்டிருந்தாள். குனிந்தேன். மாலையைக் கழற்றும்போது என் முகத்துக்குக் கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள், தெரியாத மாதிரி. மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூட்டம் ஏழு மணிக்கு, நான் ஆறரைக்கே போய்ப் பெஞ்சு துடைத்துப் போட்டேன்.